பேருக்குக் கீழே ஆரா மேன்

1

போன வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து தம்பி குமரேசன் போன் செய்தான். கத்தாரில் வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. விடுமுறையன்று வீட்டில் நான் பார்க்கும் முழுநேர வேலை, டி.வி. ரிமோட்டைத் தேடுவது. அதில் மும்முரமாக இருந்தபோதுதான் மணி அடித்தது.

“அண்ணே, பாப்பா காதுகுத்துப் பத்திரிகை அச்சுக்குப் போகுது. எல்லாம் முடிஞ்சது. உன் பேருக்குக் கீழ மட்டும்தான் பாக்கி. என்ன போட?”

“என்னத்தடா போடுவ? பெரியப்பான்னு போடு.”

“அது மேலயே இருக்கு. உத்தியோகத்தைக் கேக்குறேன். என் கல்யாணத்துக்குப் போட்ட பழசையே போடவா, இல்ல இப்ப என்னமோ புதுப் பதவி வந்திருச்சாமே, அதைப் போடவா? பிரஸ்காரன் முன்னாடி உக்காந்திருக்கேன், சட்டுன்னு சொல்லு.”

“பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டேன்.

நம் பக்கத்துப் பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் படிப்போ பதவியோ இருக்கும். டீக்கடை வைத்திருந்தால் தொழிலதிபர், கடையை மூடிவிட்டால் முன்னாள் தொழிலதிபர். ஒன்றுமே இல்லாமல் வெறும் பேர் மட்டும் நின்றால், சபையில் சட்டை போடாமல் நிற்பது போல ஒரு கூச்சம்.

நாலு வருடத்துக்கு முன்னால் குமரேசனின் கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குக் கீழே இப்படி இருந்தது: ‘ஆரா மேன், கத்தார்.’ சாத்தூர் வட்டாரத்திலேயே அந்தப் பதவியில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். விசாரித்துப் பார்த்ததில், கத்தாரிலும் நான் ஒருத்தன்தான்.

அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது, அதனால் எப்படி நாறினேன், அப்புறம் எப்படி மணத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் பதில் சொல்ல இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

2

கத்தாருக்கு நான் வந்தது கொத்தனாராக. அதாவது விசாவில் மட்டும். கொத்தனார் கரண்டிக்கும் சாம்பார்க் கரண்டிக்கும் எனக்கும் உள்ள உறவு ஒன்றுதான், இரண்டையும் கையில் பிடித்ததில்லை. நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. ஆனால் நான் கிளம்பிய சமயத்தில் கம்பெனியிடம் மிச்சமிருந்தது கொத்தனார் விசா. ஆள் வேண்டும், விசா இருக்கிறது, அனுப்பிவிட்டார்கள். இங்கே இது அதிசயமே இல்லை. எங்கள் அறையில் தையல்காரர் விசாவில் கிரேன் ஓட்டிய ஒருவர் இருந்தார். பட்டன் அறுந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்.

தோஹா தொழில்பேட்டையில் கேம்ப், ஒரு அறைக்கு எட்டுப் பேர். விடிவதற்குள் பஸ் ஏறினால் ராஸ் லஃபான் எரிவாயு ஆலை சைட். என்னை ஸ்டோரில் போட்டார்கள். ஒரு மாதத்தில் ஸ்டோரில் மட்டும் என்னைத் தேடினால் கிடைக்க மாட்டேன் என்ற நிலை வந்துவிட்டது. எங்கே எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அங்கே இருப்பேன். யாரும் அனுப்புவதில்லை. கால் தானாகப் போய்விடும்.

சைட்டுக்குப் பெரிய அதிகாரி அலெக். ஸ்காட்லாந்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், வெயிலில் வெந்த தக்காளி நிறம். அவருடைய ஆங்கிலம் தனக்கும் பாதிதான் புரியும் என்று லண்டனிலிருந்து வந்த எஞ்சினியரே ஒப்புக்கொண்டார். எனக்குக் கால்வாசிகூடப் புரியாது. ஆனால் அவர் பேசும்போது நான் மட்டும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டுவேன். அதனால் எனக்கு எல்லாம் புரிகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். என் வாழ்க்கையில் தலையாட்டியதால் மட்டும் கிடைத்த மரியாதை அது. கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒருநாள் காலைக் கூட்டத்தில் புது ஆட்களுக்கு எங்களை அறிமுகப்படுத்தினார். இவர் ஃபோர்மேன். இவர் சேஃப்டி. இவர் ஸ்டோர்கீப்பர். என்னிடம் வந்ததும் நின்றார். கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “இது நம்ம ஆரா மேன்” என்று தோளில் தட்டினார்.

அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃபோர்மேன் என்றால் என்னவென்று தெரியும். அதே ‘மேன்’ இதிலும் இருக்கிறது, ஓசையும் கம்பீரமாக இருக்கிறது. ஃபோர்மேனுக்கு ஒரு படி மேலே, மேனேஜருக்கு அரைப்படி கீழே என்று அந்தப் பதவிக்கு நானே ஓர் இடம் ஒதுக்கிக்கொண்டேன்.

3

அடுத்த சில மாதங்களில் குமரேசன் கல்யாணம். அப்போதும் இதே கேள்வியோடு போன் வந்தது.

“பொண்ணு வீட்ல எல்லாருக்கும் கீழ கொட்டிக் கிடக்குண்ணே. ஒருத்தர் கூட்டுறவு வங்கிச் செயலாளர், ஒருத்தர் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். மாப்பிள்ளையோட அண்ணன் நீ. உனக்கு என்ன?”

கொத்தனார் என்று சொல்லலாம். விசாவில் அதுதான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெருவிலேயே நிஜக் கொத்தனார்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒரு செங்கல்லைக் கொடுத்து, “வை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டால் என் கதை கந்தல்.

“ஆரா மேன்னு போடுடா.”

“அப்படின்னா?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது. வெள்ளைக்காரன் குடுத்த பதவி.”

அறுநூறு பத்திரிகை. போதாததற்கு மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வேறு. கோட்டு போட்ட என் படம் (கோட்டு ஸ்டுடியோக்காரருடையது), அதன் கீழே ‘கத்தார் ஆரா மேன் அவர்களே வருக.’ பந்தியில் அந்தத் தலைமைக் காவலர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “தம்பி, இது கெஸட்டட் ரேங்க்குதானே?” என்று கேட்டார்.

“கிட்டத்தட்ட” என்றேன்.

அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக் குனிந்துகொண்டேன்.

4

மறு வருடம் என் மனைவி தனமும் மகள் நிவேதாவும் விசிட் விசாவில் தோஹா வந்தார்கள். நிவேதாவுக்கு அப்போது எட்டு வயது. கேம்ப்பை விட்டு, ஒரு வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்துப் பிரித்த வீட்டில் ஓர் அறைக்கு மாறினேன். பக்கத்து வீட்டார் தும்மினால் நாங்கள் ‘நூறு வயசு’ என்போம். பள்ளிக்கூடத்தில் நிவேதாவுக்கு இடமும் கிடைத்துவிட்டது. ரெசிடென்ஸ் விசா அடித்த பாஸ்போர்ட்டைக் காட்டினால் சேர்க்கை.

அங்கேதான் கொத்தனார் குறுக்கே வந்து நின்றான்.

கம்பெனிக்காக அரசு அலுவலகங்களில் ஏறி இறங்குபவரை இங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப், சூடான் நாட்டு யூசுஃப். ஆறரை அடி உயரம். கத்தாரில் கற்றுக்கொண்ட இந்தியில் பேசுவார். என் தாள்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“செல்வா பாய், மேசன். ஃபேமிலி மாஃபி.”

கொத்தனார் வேலைக்குக் குடும்ப விசா கிடையாது, அவ்வளவுதான். விசாவில் தொழிலை மாற்ற வேண்டும். அதற்கு, நான் நிஜமாக என்ன வேலை பார்க்கிறேன் என்று சைட் அதிகாரியிடமிருந்து கடிதம் வேண்டும். விசிட் விசா முடியப் பதினெட்டு நாள் இருந்தது. இனி நீட்டிக்க முடியாது. முடிந்தால் இருவரும் ஊருக்கு, நான் மறுபடி எட்டுப் பேர் அறைக்கு. ஆறு வருடம் மனைவியையும் பிள்ளையையும் போனில் வளர்த்தவன் நான். இங்கே குடும்பம் கூட இல்லாத ஆண் எல்லாருக்கும் பேச்சலர் என்றுதான் பேர், மூன்று பிள்ளை பெற்றிருந்தாலும். அந்தப் பேருக்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை. தனம் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கடியில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நானே ஒரு கடிதம் தயாரித்தேன். ‘எக்ஸிகியூட்டிவ் கோஆர்டினேட்டர், ஜெனரல் அஃபேர்ஸ்’ என்று எனக்கு நானே பதவி கொடுத்துக்கொண்டேன். அலெக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். கூடவே ‘உள்ளூரில் ஆரா மேன் என அழைக்கப்படுகிறார்’ என்று சேர்த்தால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றியது. எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டாமா? அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடினேன். ஸ்காட்லாந்து மொழி அகராதி ஒன்று திறந்தது. ‘ஆரா’ என்ற சொல்லுக்கு வரிசையாகப் பொருள் போட்டிருந்தார்கள்.

மிஞ்சிப் போனது. தேவைக்கு மேல் கிடப்பது. ஜோடி இல்லாத ஒற்றை. உதிரியானது. விசித்திரமானது. மட்டமானது, இழிந்தது. ஆரா மேன் என்றால், பண்ணையில் சில்லறை வேலை பார்க்கும் எடுபிடி.

அறுநூறு பத்திரிகை. ஒரு ஃப்ளெக்ஸ். கெஸட்டட் ரேங்க்.

பக்கத்தை மூடப்போன அவசரத்தில் பிரின்ட் வேறு கொடுத்துவிட்டேன். பிரின்டர் அலுவலகத்துக்கே பொது. என் மானம் அச்சாகி வெளியே வருவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

“எடுபிடின்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாம இருந்தது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். பிறகு கட்டிலுக்கடியில் பார்த்தாள். “எதையாவது எடுத்து, யாரையாவது பிடிச்சு, எங்களை அனுப்பாம இருங்க. அது போதும்.”

5

மறுநாள் அலெக்கின் கேபினுக்குள் போய் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தேன். முதலில் நான் எழுதிய கடிதத்தைப் படித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இந்த ஆளை எனக்குத் தெரியாதே. யார் இவர்? என்ன வேலை பார்க்கிறார்?”

“சார், அடுத்ததைப் பாருங்க. நீங்க எனக்கு வச்ச பேர்.”

அதைப் படிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

“இதுல உனக்கு என்ன கோபம்?”

“மட்டமானதுன்னு போட்டிருக்கு சார். ஊர் முழுக்க என் பேருக்குக் கீழ அச்சடிச்சு வச்சிருக்கேன்.”

அலெக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “என் அப்பா ஆரா மேன்” என்றார்.

பழக்கத்தில் தலையாட்டப் போனவன் நிறுத்திக்கொண்டேன்.

எனக்குப் புரிய வேண்டும் என்று அன்று மெதுவாகப் பேசினார். வட ஸ்காட்லாந்தில் பண்ணை. மேஸ்திரிதான் அங்கே பெரிய ஆள். அவருக்கு அடுத்து முதல் குதிரைக்காரர், இரண்டாவது குதிரைக்காரர், மாட்டுக்காரர். சாப்பாட்டு மேசைக்குக்கூட அந்த வரிசையில்தான் போக வேண்டும், அந்த வரிசையில்தான் எழுந்திருக்க வேண்டும். ஆரா மேன் கடைசி. உழவுக் குதிரைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில்லாமல் ஒன்று மிஞ்சினால் அது ஆராக் குதிரை. வண்டி, தண்ணீர், தபால் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் பூட்டுவார்கள். ஒற்றைக் கையுறைக்கும் அதே சொல்தான்.

“மட்டமானதுங்கிறது பின்னாடி ஒட்டின அழுக்கு. கடைசியா உக்கார்றவனை ஊர் எப்படிப் பேசும்? உங்க ஊர்ல பேசாதா?”

பேசும் என்றேன். எங்கள் ஊரில் அதற்குத் தனித் திறமை உண்டு.

“ட்ராக்டர் வந்துச்சு, குதிரைக்காரங்க எல்லாரும் போயிட்டாங்க. அப்பா மட்டும் போகல. ட்ராக்டர் நின்னா யாரைக் கூப்பிடுவாங்க? ஒரு தடவை அவர் பத்து நாள் காய்ச்சல்ல படுத்தார். பண்ணையே பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. கதவு மூடல, கண்ணுக்குட்டி காணோம், சாவி எங்கன்னு யாருக்கும் தெரியல. மேஸ்திரியே வீட்டு வாசல்ல வந்து நின்னார்.”

பிறகு என் பிரின்டை என் பக்கம் திருப்பி, மேலே விரலை வைத்தார். “பொருளையெல்லாம் படிச்ச. முதல் வரியை விட்டுட்டு சண்டைக்கு வந்துட்ட.”

சொல் எங்கிருந்து வந்தது என்று முதல் வரியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பழைய வடிவத்துக்குப் பொருள்: எல்லாவற்றுக்கும் மேலாக.

“அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கே இப்பதான் தெரியும்” என்றார். அந்த வரியை வாய்விட்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு என் எக்ஸிகியூட்டிவ் கோஆர்டினேட்டரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். “நேத்து என்னென்ன செஞ்ச? ஒண்ணு விடாம சொல்லு.”

சொன்னேன். பஸ்ஸில் தலை எண்ணியது. நேபாளி ஒருவரின் கேட் பாஸ் முடிந்திருக்க, வாசலில் பேசிப் புதுப்பித்தது. பாதுகாப்பு வகுப்பைத் தமிழிலும் இந்தியிலும், நான் மலையாளம் என்று நம்பும் ஒன்றிலும் சொன்னது. ஸ்டோரில் இடக்கைக் கையுறையாகவே ஒரு பெட்டி கிடந்ததால், வலக்கை இருந்த பெட்டியைத் தேடிப்பிடித்து ஜோடி சேர்த்தது. பல் வீங்கிய ஒருவரை கிளினிக்கில் காட்டியது. கிரேன் தூக்கவிருந்த குழாயை நிறுத்தச் சொன்னது.

பேனா நின்றது. “ஏன் நிறுத்தின?”

“பட்டைக் கயித்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு சார். கீழ ஆள் நின்னாங்க.”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லல. அங்க யாரும் இல்ல.”

“அதான்” என்றார். மறுபடி எழுத ஆரம்பித்தார். கடிதம் இரண்டு பக்கம் போயிற்று. கடைசிவரை என் பதவி என்னவென்று அதில் ஒரு இடத்திலும் இல்லை.

6

யூசுஃப் அதை அரபியில் மொழிபெயர்த்து, என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கவுன்டருக்குள் வெள்ளை அங்கி போட்ட இளம் அதிகாரி நிதானமாகப் படித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாம் பக்கம் முடிந்ததும் இந்தியில் கேட்டார்.

“இது எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான் சார்.”

“கம்பெனியில மத்தவங்க என்ன பண்றாங்க?”

யூசுஃப் கூரையைப் பார்த்தார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழில் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். விரல் எதிலும் நிற்கவில்லை. ஒரு பக்கம், அடுத்த பக்கம். எனக்குக் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிதான் கண்ணில் நின்றது. கடிதத்தில் கிரேன் வரி வந்த இடத்தை மறுபடி படித்தார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

“முஷ்ரிஃப்” என்று எழுதி, முத்திரையைக் குத்தினார். “கலாஸ்” என்றார், முடிந்தது என்று.

வெளியே வந்ததும், முஷ்ரிஃப் என்றால் என்ன என்று யூசுஃபிடம் கேட்டேன். சூப்பர்வைசர் என்றார். அது எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கையை உயர்த்திக் காட்டினார். “மேல நின்னு எல்லாத்தையும் பாக்குற ஆள்.”

நான் அந்த வெயிலில் நின்று சிரித்த சிரிப்பில் யூசுஃப் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

இரண்டே நாள் மிச்சமிருந்தபோது தனம், நிவேதா இருவர் பாஸ்போர்ட்டிலும் ரெசிடென்ஸ் விழுந்தது. தனம் உடனே பெட்டியை இழுத்து, காலி செய்து, நாற்காலி போட்டு ஏறி அலமாரிக்கு மேலே வைத்தாள். அதன் முன்னால் பழைய செய்தித்தாள் கட்டையும் அடுக்கினாள், சட்டென்று எடுக்க முடியாதபடி.

7

மூன்று வருடம் ஓடிவிட்டது. அலெக் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தன் ஹெல்மெட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தலை பெரிது அவருக்கு. போட்டால் என் மூக்கு வரை இறங்குகிறது. நிவேதாவுக்குப் பதினொரு வயது. கோபம் வந்தால் ஆங்கிலம், பசி வந்தால் தமிழ். போனில் பேசும்போது, “தாத்தா, சாப்பிட்டுச்சா?” என்று என் அப்பாவையே அஃறிணையாக்கிவிடுகிறாள். தம்பி அனுப்பிய மாதிரிப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் எழுத்துக்கூட்டிப் படித்து, “‘இல்ல விழா’ன்னு போட்டிருக்கு. விழா இல்லன்னா ஏன்ப்பா கூப்பிடுறாங்க?” என்றாள். அவள் தடுமாறாமல் படித்தது சித்தப்பாவின் பேர் ஒன்றைத்தான். அதுவும் மனப்பாடம்.

பத்து நிமிடம் முடிவதற்குள் நான் குமரேசனைக் கூப்பிட்டேன்.

“எழுதிக்கோடா. ஆரா மேன், கத்தார்.”

“பழசேவா? சூப்பர்வைசர்னா ஊர்ல நாலு பேருக்குப் புரியும்ணே.”

“சூப்பர்வைசர் ஊருக்குப் பத்து பேர் இருப்பான். இது அலெக் சாரோட அப்பா பார்த்த உத்தியோகம். போடு.”

அடுப்படியிலிருந்து தனம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “எல்லாத்துக்கும் மேல, சொல்லாமலே செய்யிறது, அவங்க இல்லாட்டி வீடு பேயறைஞ்ச மாதிரி ஆயிரும். அதானே அந்த வார்த்தைக்கு அர்த்தம்?”

“ஆமா.”

“அப்ப என் பேருக்குக் கீழ ஏன் ஒண்ணுமே இல்ல?”

பத்திரிகையைப் பார்த்தேன். என் பேருக்குப் பக்கத்தில் ‘திருமதி தனலட்சுமி.’ கீழே வெள்ளையாக வெற்றிடம். இத்தனை பத்திரிகையில் அது என் கண்ணில் பட்டதே இல்லை. போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் கொழுந்தனிடம் தன் பேருக்குக் கீழேயும் அதையே போடும்படி ஓர் எழுத்து பிசகாமல் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வைத்தாள்.

ஐந்து நிமிடத்தில் மறுபடி மணி.

“அண்ணே, மதினிக்குப் போட்டதைப் பாத்துட்டு என் வீட்டுக்காரியும் தனக்குப் போடணும்ங்கிறா. அம்மாவுக்கும் போடச் சொல்லிட்டா. பிரஸ்காரன் கேக்குறான், இது என்ன உங்க பரம்பரைப் பட்டமா, குடும்பமே போடுறீங்களேன்னு.”

“பட்டம் இல்லடா, உத்தியோகம். வெள்ளிக்கிழமைகூட லீவு இல்லாத உத்தியோகம்னு சொல்லு.”

ரிமோட் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்தது. எடுத்துக் கொடுத்தது யாரென்று எழுதத் தேவையில்லை.